காற்று வாங்கும் பெட்டி

கரண்ட் வரட்டும். வந்தால் தெரிந்துவிடும். அதுவரைக்கும் மௌனிகா செய்வதற்கு ஒரு மண்ணும் இல்லை. பின்னறைத் தரையில் மல்லாந்து படுத்து, காலையில் ஜன்னலுக்குள் தட்டித் தட்டி உட்காரவைத்த பெட்டியைப் பார்த்துக்கொண்டிருக்கலாம், அவ்வளவுதான். மாதத்துக்கு ஒருநாள் லைன் பார்க்கிறோம் என்று பீளமேடு முழுக்கக் கரண்டைப் பிடுங்கிவிடுவார்கள். அந்த நாள் இன்றைக்குத்தான் என்பது, கடைசி ஸ்க்ரூவை முடுக்கி, ஒயரைச் சொருகி, சாமி கும்பிடாத குறையாகச் சுவிட்சைத் தட்டினபிறகுதான் அவளுக்குத் தெரிந்தது. சுவிட்ச் டக்கென்றது. ஃபேன் கம்மென்று இருந்தது. சிரிப்பு வந்தது, அப்புறம் வரவில்லை. பிளைவுட் பெட்டி, நடுவில் ஃபேன், பின்பக்கச் சந்துப் பக்கமாக வரிசையாகத் தொங்கும் பட்டைகள். ஃபேன் சுற்றினால் காற்று தள்ளிப் பட்டைகள் தூக்க வேண்டும். நின்றால் விழுந்து மூடிக்கொள்ள வேண்டும். பட்டைக்குத் தகரம் வாங்காமல் பழைய காதுகுத்து பேனர் ஒன்றை நறுக்கித் தொங்கவிட்டிருக்கிறாள். படம் வெளியே தெரிந்தால் சந்தில் போகிற கழுதைகளெல்லாம் சிரிக்கும் என்று படத்தை உள்பக்கமாகத் திருப்பிவிட்டாள். இப்போது இறக்கைகளின் இடைவெளியில் எவனோ ஒரு தாய்மாமனின் மீசை ஒரு பட்டையில், அவன் கண் மேல்பட்டையில், குழந்தையின் மொட்டைத் தலை இரண்டு பட்டையில் பாதிப் பாதியாக. பட்டைக்கும் பட்டைக்கும் நடுவே சந்து வெயில் கோடு கோடாக உள்ளே வந்து அவள் வயிற்றின்மேல் படுத்திருக்கிறது. மூச்சு விட்டால் கோடு ஏறுகிறது, இறங்குகிறது. தன் வயிற்றில் யாரோ வெளிச்சத்தால் தையல் போடுவதுபோல. கண்ணை மூடினாலும் கோடு தெரிகிறது, பச்சையாக. ஃபேன் உக்கடத்துப் பழைய சாமான் கடையில் எடுத்தது, மூடிப்போன ஏதோ புரோட்டாக் கடையுடையது. சீயக்காய் போட்டுத் தேய்த்துத் தேய்த்துக் கழுவியும் மூக்கைக் கிட்டக் கொண்டுபோனால் சால்னா. பரவாயில்லை. தூசியை வெளியே தள்ளினால் போதும், புரோட்டாவாகவே இருந்துவிட்டுப் போகட்டும். தள்ளுமா? தள்ளும். தள்ள வேண்டும். அறையை ஓர் ஓட்டை விடாமல் அடைத்தாகிவிட்டது. இன்னொரு ஜன்னலைச் சாத்திப் பேப்பர் ஒட்டியாச்சு. மேலே வென்டிலேட்டருக்கு அட்டை. ஹாலுக்குப் போகிற கதவைத் தாழ்போட்டு, அடியில் இருக்கிற இடுக்கில் அப்பாவின் பழைய லுங்கியை நனைத்துத் திணித்தாச்சு. ஒரு பொட்டுத் தூசி அந்தப் பக்கம் போகக் கூடாது. அந்தப் பக்கம் அப்பா படுத்திருக்கிறார்.

அம்மா கமலவேணி காலையில் மில்லுக்குக் கிளம்பும்போது செருப்பைப் போட்டுக்கொண்டே சொன்னது இன்னும் வாசலிலேயே நிற்கிறது, செருப்பைப் போல. "ஏம்புள்ள, உனக்கு மரத்தூளு பெருசா, அப்பன் பெருசா? இன்னிக்கே சொல்லிப்போடு." சாயங்காலம் வந்ததும் ஹாலில் மாரியாத்தா படத்தின்மேல் விரலை வைத்துப் பார்ப்பாளாம். இன்றைக்குத் துடைத்துவிட்டுத்தான் போகிறாள். விரலில் தூள் ஒட்டினால் மௌனிகாவின் அறுப்பு மெஷின் பழைய இரும்பு எடைக்குப் போய்விடுமாம். "அழுதாலும் போயிரும்." நான் எதுக்கு அழுவறேன் என்று மௌனிகா கேட்டாள். கேட்ட குரல் அவ்வளவு நன்றாக இல்லை. மாரியாத்தா படம் ஒரு பெரிய கூத்து. பலகையில் எழுத்து அறுத்து வீட்டுப் பெயர் செய்து கொடுக்கிறாள் மௌனிகா. எல்லாரும் 'அன்னை இல்லம்' என்றே கேட்கிறார்கள், பத்திரம் என்னவோ அப்பன் பேரில் இருக்கும். அந்தப் பலகை மரமே இல்லை, தூளை அழுத்திச் செய்தது. மெஷின் பல் பட்டதும் பழையபடி தூளாகிவிடுகிறது, மாவு மாதிரி, மாவைவிட நைசாக. அது மிதந்து போய் ஹாலில் ஆத்தா நெற்றியில், கன்னத்தில், சூலத்தில் எல்லாம் படிந்து, ஒருநாள் பக்கத்து வீட்டுச் சிவகாமியக்கா வந்தவர், "கமலவேணி, சந்தனம் கொட்டியிருக்குதுடி ஆத்தாளுக்கு!" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டு, விரலால் எடுத்து நெற்றியில் இட்டுக்கொண்டு, புருஷனுக்கும் கொஞ்சம் பேப்பரில் மடித்துக்கொண்டு போனார். மௌனிகா ஓடிப்போய், அக்கா அது பலகைத் தூளுங்க்கா என்று சொல்லிவிட்டாள். அம்மாவுக்கு மானம் போனது. அப்பாவுக்குத்தான் சிரிப்பு. கட்டிலில் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "பேரு மௌனிகா, வாயி மில்லுச் சங்கு! கொஞ்ச நேரம் ஆத்தாளாட்ட இருந்திருக்கலாமல்ல சாமி?" சிரித்துச் சிரித்து அது இருமலாகி, இருமல் வேறென்னவோ ஆகி, அவர் இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றிக்கொண்டு தரையைப் பார்த்ததும்தான் எல்லாருக்கும் சிரிப்பு நின்றது. சங்கு. சின்ன வயதில் சங்கு என்றால் மில்லில் ஊதுவது மட்டும்தான். சங்கு ஊதினால் அம்மா வருவாள். சங்கு ஊதியாச்சு என்பதற்கு இன்னொரு அர்த்தம் இருப்பது தெரு முனை வீட்டில் ஒரு சாவு விழுந்தபோதுதான் தெரிந்தது. அதிலிருந்து மில்லுச் சங்கு கேட்டால் ஒரு நொடி வயிற்றுக்குள் ஒன்று கீழே போகும், லிஃப்ட் மாதிரி. அப்புறம் அம்மா வருவாள். இதை யாரிடமும் சொன்னதில்லை. வாய் சங்குதான், ஆனால் எல்லாவற்றையும் ஊதிவிடுகிறதா என்ன.

கதவுக்கு அந்தப் பக்கம் மூச்சு கேட்கிறது. ஃபேன் இல்லாத மத்தியானம், டிவி இல்லாத மத்தியானம், ஃபிரிட்ஜ்கூட வாயை மூடிக்கொண்ட மத்தியானத்தில் அந்த ஒரு சத்தம்தான் வீட்டில் ஓடிக்கொண்டிருக்கிறது. உள்ளே போகும்போது சும்மா போகிறது. வெளியே வரும்போது விசில் அடித்துக்கொண்டு வருகிறது, மெல்லிசாக, தூரத்தில் யாரோ குழாயடியில் குடத்தை இழுப்பதுபோல. பட்டீஸ்வரன் என்றால் பவுண்டரியில் எல்லோருக்கும் தெரியும், மோட்டார் பம்பு வார்க்க மண்ணில் அச்சு போடுகிறவர். வீட்டுக்கு வந்தால் கருப்பாக வருவார், குளித்தால் மாநிறமாக ஆவார். கைக்குட்டை மட்டும் துவைத்தாலும் கருப்பு. அப்பாக்களுடைய கைக்குட்டை என்றாலே கருப்பு என்று நினைத்துக்கொண்டிருந்தாள். கூடப் படிக்கிற பிள்ளையின் அப்பா வெள்ளைக் கைக்குட்டையில் மூக்கைத் துடைத்தபோது, பாவம் இவருக்கு வேலை இல்லைபோல என்று நினைத்தாள். அந்த மண்ணெல்லாம் போகவில்லை, உள்ளேயே இருக்கிறது. பவுண்டரியை விட்டு நின்றபிறகும் இருக்கிறது. ஒரு தடவை அவரே சொன்னார்: "வாங்கறதெல்லாம் சுளுவா வாங்கிப்போடறேன் சாமி. விடறதுதான் வம்பு." அதைக் கேட்டதிலிருந்துதான் அவளுக்கு இந்தப் பெட்டி ஞாபகம். விடவேண்டியதை விட்டுவிட ஒரு பெட்டி. அப்பா நெஞ்சில் பொருத்த முடியாது, ஜன்னலிலாவது பொருத்தலாம். முட்டாள்தனமாகத்தான் இருக்கிறது, ஆனால் அப்படித்தான் நினைத்தாள். பெட்டியைச் செய்வதற்குள் ஒருநாள் காலையில் அது வந்துவிட்டது. அவர் படிக்கட்டில் உட்கார்ந்து தோள் இரண்டையும் காதுவரைக்கும் தூக்கித் தூக்கி, "மூச்சு வாங்குது சாமி, மூச்சு வாங்குது" என்றார். ஆஸ்பத்திரியில் மூக்கில் ஒரு மூடியை மாட்டினார்கள், அதிலிருந்து புகை வந்தது, அப்பா பீடி குடிப்பதுபோல இருந்தது, அவர் பீடியே குடித்ததில்லை. டாக்டர் கேட்டார், வீட்டில் தூசி, மாவு, பெயிண்ட் வேலை ஏதாவது உண்டா என்று. அம்மா மௌனிகாவைப் பார்த்தாள். மௌனிகா வாயைத் திறந்தாள். சொல்லத்தான் திறந்தாள், சத்தியமாக. அதற்குள் அப்பா மூடியைக் கொஞ்சம் தூக்கி, "ஒண்ணுமில்லீங் டாக்டர். எல்லாம் பழைய மண்ணுங்" என்றுவிட்டு மறுபடி மாட்டிக்கொண்டார். அவ்வளவுதான். அன்றிலிருந்து அவள் அப்பாவிடம் பேசவில்லை. அம்மா அதை வேறுமாதிரி நினைத்துக்கொண்டிருக்கிறாள், மகளுக்குக் கோபம், மெஷினைச் சொன்னதால் ரோஷம் என்று. ரோஷம் இல்லை. பொய் சொல்லிவிட்டார். அவள் வாயில் வந்து நின்ற உண்மையைப் பிடுங்கி, தன் மண்ணோடு மண்ணாகச் சேர்த்து விழுங்கிவிட்டார். அப்படி விழுங்குகிற ஆளிடம் என்ன பேச. எப்படிப் பேச. தூசி எவ்வளவு அவளுடையது, எவ்வளவு பவுண்டரியுடையது, அது டாக்டருக்கே தெரியாது. தெரியாததுதான் பயமாக இருக்கிறது. பாதி என்று சொன்னால்கூடப் பாதிக்கு அழுதுவிட்டுப் போகலாம்.

வெயில் கோடு வயிற்றிலிருந்து நெஞ்சுக்கு நகர்ந்துவிட்டது. அந்த வெளிச்சத்துக்குள் தூசி ஏறிக்கொண்டிருக்கிறது, அவசரமே இல்லாமல், ஷிப்டு விட்டதும் மில் கேட்டிலிருந்து வெளியே வருகிற பெண்கள் மாதிரி, பேசிக்கொண்டே, ஒன்றின் தோளில் ஒன்று கைபோட்டுக்கொண்டு. அதில் அம்மா எது? தாய்மாமன் கண் அவளையே பார்க்கிறது. காது வலிக்குதா கண்ணு என்கிறது. இல்லீங் மாமா. பிளஸ் ஒன்னில் நுரையீரல் படம் வரைந்தாள், டீச்சர் தலைகீழ் மரம் மாதிரி இருக்கிறது என்றார், அது பாராட்டா திட்டா தெரியவில்லை. உட்சுவாசம், வெளிச்சுவாசம். வீட்டில் அப்படி யாரும் சுவாசிப்பதில்லை, வாங்குகிறார்கள், விடுகிறார்கள். அவள் எழுந்து நின்று கேட்டாள், டீச்சர், முதல்ல வாங்கறதா முதல்ல விடறதா? வகுப்பே சிரித்தது. வாயை மூடு என்றார் டீச்சர். மூடினாள், மூடிக்கொண்டே இருந்தாள், ஒருநாள் பையை எடுக்காமல் பஸ் ஸ்டாப்பைத் தாண்டி நடந்து போய்விட்டாள். படிப்பு ஏறவில்லை என்கிறார்கள். அதெல்லாம் ஏறியது, அவள்தான் இறங்கிவிட்டாள். இப்போது தரை ஜில்லென்று இருக்கிறது, தரை ஆடுகிறது, வீடு முழுக்க ஒரு பெட்டி, பெட்டிக்குள் ஹால் ஒரு பெட்டி, ஹாலுக்குள் அப்பாவின் நெஞ்சு ஒரு பெட்டி, ஒவ்வொன்றுக்கும் அவள் எம்சீல் பிசைந்து இடுக்கை அடைத்துக்கொண்டே போகிறாள், இன்னும் ஒரு இடுக்கு, இன்னும் ஒரு இடுக்கு, அப்பா உள்ளே இருந்து, போதுஞ்சாமி என்கிறார், இருங்ப்பா, இன்னும் இங்கொண்ணு பாக்கி இருக்குது, அடைக்க அடைக்க விசில் சின்னதாகிறது, நல்லது, சின்னதாகட்டும், இன்னும் சின்னதாகி, இன்னும், இன்னும், நின்றுவிட்டது.

தூக்கிவாரிப் போட்டு எழுந்தாள். விசில் நிற்கவில்லை. ஃபிரிட்ஜ் உறுமுகிறது, டிவி கத்துகிறது, அதற்குள் அமுங்கிப்போயிருக்கிறது. கரண்ட் வந்துவிட்டது. கரண்ட் வந்துவிட்டது! ஃபேன் சுற்றுகிறது, போட்ட சுவிட்ச் போட்டபடியே இருந்திருக்கிறது. இறக்கை தெரியவில்லை, வெறும் சாம்பல் வட்டம், அதன் பின்னால் தாய்மாமன் நடுங்குகிறான். நடுங்குகிறான், அவ்வளவுதான். தூக்கவில்லை. மீசை துடிக்கிறது, கண் துடிக்கிறது, மொட்டைத் தலை இரண்டு பாதியும் ஒன்றோடொன்று முட்டிக்கொள்கிறது, ஒரு பட்டைகூட எழுந்திருக்கவில்லை. ஃபேன் மட்டும் ஙொய்யென்று கத்துகிறது, கல்லை இழுக்கிற ஆள் மாதிரி மூச்சுவாங்கி. திருப்பி மாட்டிவிட்டோமோ? இல்லை, கையை வைத்துப் பார்த்தாள், ஓரத்தில் உள்ளே இழுக்கிறது, நடுவில் திரும்பி முகத்திலேயே அடிக்கிறது. சால்னா வாசம். அறை முழுக்கச் சால்னா, அதே காற்றையே எடுத்து அதே காற்றாகத் துப்பிக்கொண்டு இருக்கிறது சனியன். பட்டை கனமா? விரலால் தூக்கினாள், இறகு மாதிரி வருகிறது. பின்னே என்ன? பின்னே என்னடா உனக்கு? இன்னும் எங்கேயோ ஓட்டை இருக்கிறது, காற்று அதில் போய்விடுகிறது, அதுதான். வென்டிலேட்டர் அட்டையை அமுக்கினாள், பேப்பரைத் தடவினாள், குனிந்து லுங்கியை இன்னும் நெருக்கித் திணித்தாள். திணிக்கத் திணிக்க ஃபேன் இன்னும் அழுகிறது. எல்லாம் போச்சு. அம்மா விரலை வைப்பாள். மெஷின் தராசில் ஏறும். அதுகூடப் போகட்டும், மெஷின் என்ன மெஷின், அதைவிடப் பெரியது ஒன்று இருக்கிறது: இந்தப் பெட்டி வேலை செய்தால் அது அவளுடைய தூசி இல்லை என்று ஆகிவிடும் என்று எங்கேயோ ஒரு கணக்குப் போட்டு வைத்திருந்தாள், அது தப்பான கணக்கு என்று தெரியும், தெரிந்தேதான் போட்டாள். அந்த நேரம் பார்த்து ஹாலில் அப்பா இருமினார். ஒன்று. சரி. இன்னொன்று. அப்புறம் இழுத்துக்கொண்டே போகிற அது, படிக்கட்டில் கேட்ட அதே இழுப்பு. லுங்கியைக் காலால் எத்தி, தாழை உருவி, கதவை ஆ என்று திறந்தாள்.

பின்னால் படபடவென்று ஒரு சத்தம். பத்துப் புறா ஒரேயடியாக எழுந்த மாதிரி. திரும்பிப் பார்த்தால் தாய்மாமன் இல்லை, கண் இல்லை, மீசை இல்லை, பட்டைகள் அத்தனையும் சந்தைப் பார்த்துத் தூக்கிக்கொண்டு நிற்கின்றன, ஜன்னல் முழுக்க வெயில். காலடியில் கிடந்த மரத்தூள் ஒரு நூலாக எழுந்து, யோசித்து, வளைந்து, பெட்டியை நோக்கிப் போனது. ஃபேன் அழுகையை நிறுத்திவிட்டு ஓடத் தொடங்கியது. சால்னா போய்விட்டது. ஹாலில் சுவரோடு கிடந்த காலண்டரின் தாள் அவளை நோக்கிப் படபடக்கிறது. அவளுடைய சொந்த முடி கன்னத்தைத் தாண்டி ஜன்னலைப் பார்த்துப் பறக்கிறது. கொஞ்ச நேரம் அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. அப்புறம் புரிந்தது, புரிந்ததும் தன் தலையில் தானே ஒரு குட்டு வைத்துக்கொள்ள வேண்டும்போல இருந்தது. வாங்கினால்தானே விடும். விடுவதற்கு அவ்வளவு பார்த்துப் பார்த்துச் செய்துவிட்டு, வாங்குவதற்கு ஒரு வழி வைக்காமல் அத்தனையையும் ஒட்டித் திணித்து அடைத்திருக்கிறாள். முதல்ல வாங்கறதா, முதல்ல விடறதா. வாயை மூடு. போங் டீச்சர். கதவு திறந்திருந்தால் அந்தப் பக்கத்துக் காற்று இந்தப் பக்கம் வரும், இந்தப் பக்கத்துத் தூசி அந்தப் பக்கம் போக முடியாது, எதிர்க் காற்று. இத்தனை நாள் அப்பாவைக் காப்பாற்றுகிறேன் என்று சாத்தியது எது? கதவு.

பட்டைகள் திடீரென்று பொத்தென்று விழுந்தன. தாய்மாமன் திரும்ப வந்துவிட்டான். வாசற்படியில் அப்பா வந்து நிற்கிறார், வேட்டியை மடித்துக் கட்டி, தோளில் துண்டு, ஒரு கை நிலையில், ஒரு கை நெஞ்சில், அகலமான மனுஷன், வழி முழுக்க அவரே. இருமல் நின்றிருந்தது. அவர் பெட்டியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், பார்வையைக் கீழே போட்டார். அவர் பின்னாலிருந்து வந்த காற்று அவர் முதுகிலேயே முட்டிக்கொண்டு நிற்கிறது.

"நகுந்துக்கோங்ப்பா" என்றாள் மௌனிகா. "வழிய மறிச்சுட்டு நிக்கறீங்."

அவர் நகரவில்லை. வாய் மட்டும் லேசாகத் திறந்தது.

"காத்து வாங்கற வழி அது. நீங் அடைச்சுட்டா அது எப்படி விடும்?"

"ஓ" என்றார். பக்கவாட்டில் ஒதுங்கி, ஹால் பக்கமாக நிலையில் சாய்ந்துகொண்டார். பட்டைகள் படபடவென்று எழுந்தன. அவர் குழந்தைபோலப் பார்த்தார். "பரவால்லியே சாமி. கண்ணடிக்குது பாரு."

"அங்கிருந்து சொல்லுங். தூசி வருதுங்ளா? புரோட்டா வாசம் வருதா?"

மூக்கை உறிஞ்சினார். "இல்லியே. ஒண்ணும் வல்ல."

"பொய் சொல்லாதீங்."

"நெசமாத்தான் கண்ணு."

"டாக்டர்கிட்டயும் நெசமாத்தான்னீங்."

அது வந்துவிட்டது. வரும் என்று அவளுக்கே தெரியாது. ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. அப்பா துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார், துடைக்க அங்கே ஒன்றும் இல்லை. "அப்பறம் என்னன்னு சொல்றது சாமி" என்றார், சன்னமாக. "நீ செஞ்சேன்னா? பவுண்டரிக்காரன் செஞ்சான்னா? பேரெழுதியா ஒட்டியிருக்குது உள்ள?" இவ்வளவு பேசியதில் மூச்சு வாங்கியது. நின்று வாங்கினார். அவள் காத்துக்கொண்டிருந்தாள், வாங்கியதை அவர் விடுகிறவரைக்கும். விசிலோடுதான் வந்தது. ஆனால் வந்தது.

அவள் மெஷினிடம் போனாள். பாதி அறுத்த பலகை அதில் கிடந்தது, 'அன்னை'யில் ஒரு ன போட்டாயிற்று, இன்னொன்று பாக்கி. போடலாமா? போட்டால் தெரியும். போடாவிட்டால் கடைசிவரைக்கும் தெரியாது. "எழவு, மெஷின ஆன் பண்றேன்" என்றாள். "அங்கயே இருங். தூள் பட்டுச்சுன்னா பட்டுச்சுன்னு சொல்லோணும். எனக்காகச் சொல்லக் கூடாது." சொல்லிவிட்டுத்தான் தோன்றியது, இந்த ஆள் சொல்லமாட்டார், செத்தாலும் சொல்லமாட்டார், இவர் வாயைப் பார்த்துப் பிரயோஜனமில்லை. அவர் தோளைப் பார்த்தாள். துண்டின் நுனி நிலையைத் தாண்டி, அவர் நெஞ்சைத் தாண்டி, அவள் பக்கமாக நீட்டிக்கொண்டு ஆடியது. துண்டுக்குப் பொய் சொல்லத் தெரியாது.

சுவிட்சைப் போட்டாள். பல் பலகையில் ஏறியது. தூள் குபுக்கென்று எழுந்து அவள் முகத்துக்கு நேராக ஒரு கணம் நின்றது, பழக்கப்பட்ட இடத்துக்குப் போகலாமா என்பதுபோல. அவள் கை அறுத்தது, கண் துண்டைவிட்டு நகரவில்லை. ஆடுகிறது. அவள் பக்கம்தான். இன்னும் அவள் பக்கம்தான். தூரத்தில் மில்லில் சங்கு ஊதியது, வயிற்றுக்குள் அந்த லிஃப்ட் கீழே இறங்கியது, மெஷின் சத்தத்தையும் மீறி அப்பா ஏதோ கத்தினார்.

மெஷினை நிறுத்தினாள். "என்னங்? பட்டுச்சா?"

"இல்ல சாமி" என்றார் பட்டீஸ்வரன். சிரித்துக்கொண்டிருந்தார், ஒரு கையால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டே. "இத்தன நாள் கழிச்சு இன்னிக்குத்தான் ஊதுச்சுன்னேன்."

"அது டெய்லி ஊதறதுதானுங்."

"அதைச் சொல்லல. நம்மூட்டுச் சங்கைச் சொன்னேன்."

துண்டு ஆடிக்கொண்டிருந்தது.